வழிநடைக்கு வேண்டுவது அடுப்பா, தராசா?

இம்மலருக்கு ஒரு கட்டுரை தருமாறு மலர்க்குழுவினர் கேட்டபொழுது, தமிழாசிரியனிடமிருந்து அவர்கள் எதிர்பார்த்த பொருள் கம்பனோ வள்ளுவனோ ஆதல் கூடும். அவ்விருவரைப் பற்றியும் என்னினும் வல்லார் எழுதுவர். யான் எடுத்துக்கொண்ட பொருள் அடுப்பும் மூட்டையும் ஆகும். அதற்குக் காரணம் உண்டு. நமது மாணவர் நடைக்குழுவினர் வரும் தவணை விடுமுறையில் மலைநாட்டிலே நான்கு நாள் நடைப்பயணம் மேற்கொள்ளக் கருதியுள்ளனர். மாணவர் பன்னிருவர், ஆசிரியர் இருவர், ஆகப் பதினால்வர். இதனைக் கேள்வியுற்ற பழைய மாணவர் சிலர், கடல் கடந்து வாழ்வோர், குழுவினருக்கு வாயு அடுப்புக்கள் வாங்கி அனுப்ப முன்வந்துள்ளனர். அன்பினால் எழுந்த கொடை அது. அதனைப் பழித்தல் என் நோக்கமன்று. ஆயினும், எவ்வடுப்பு நன்று என்னும் வினாவுக்கு முன்னே கேட்கப்படவேண்டிய வினாக்கள் மூன்று உள. எத்தனை பேர் எத்தனை நாள் நடக்கப்போகின்றனர்? அவர்கள் உண்ணப்போவது யாது? பொதுச்சுமை யார் முதுகில் ஏறப்போகின்றது? இம்மூன்றுக்கும் விடை காணாமல் அடுப்பு வாங்குதல் காலை அளவாது செருப்புத் தைப்பித்தலை ஒக்கும்.

அடுப்பு சமைப்பவன் கவலை, நடப்பவனுக்கு அதனால் ஆவதென்ன என்று எண்ணுவோர் உளர். நெடும்பயணங்களின் வரலாறு அவ்வாறு கூறவில்லை. நோர்வே நாட்டவராகிய அமுன்சென் 1911 ஆம் ஆண்டு திசெம்பர் 14 ஆம் நாள் தென்துருவத்தை அடைந்தார். ஆங்கிலேயராகிய ஸ்கொற் 1912 சனவரி 17 இல் தம் தோழர் நால்வருடன் அங்கு போய்ச் சேர்ந்தார். இரு குழுவினரும் பனியை உருக்கிப் பருகியது மண்ணெண்ணெயைக் கொண்டேயாம். இரு குழுவினரிடத்தும் இருந்தது, சுவீடன் நாட்டு லின்ட்குவிஸ்ற் என்பார் 1892 இல் ஆக்கிய, திரியின்றிக் காற்றழுத்தத்தால் எரியும் பிறைமஸ் அடுப்பே. எண்ணெயும் ஒன்று, அடுப்பும் ஒன்று. வேற்றுமை தகரத்தின் மூடியில் இருந்தது. ஸ்கொற்றின் எண்ணெய்த் தகரங்களின் மூடியிலே தோல்வளையம் இடப்பட்டிருந்தது. கடுங்குளிரில் அது பயனற்றுப்போக, எண்ணெய் ஆவியாகியும் கசிந்தும் குறைந்தது. திரும்பும் வழியில், தாமே முன்னர் வைத்துச் சென்ற சேமிப்பிடங்களை அடைந்தபோதெல்லாம் எதிர்பார்த்த எண்ணெய் அங்கு இருக்கவில்லை. அமுன்செனோ இவ்விடரை முன்னறிந்து தம் தகரங்களைப் பற்றுவைத்து மூடுவித்திருந்தார். ஸ்கொற்றும் இறுதிவரை எஞ்சியிருந்த இருவரும், அடுத்த பெருஞ் சேமிப்பிடத்துக்குப் பதினொரு மைல் இப்பால், தம் கூடாரத்துள்ளே மாண்டனர். எண்ணெய்க் குறையொன்றே அவர்களைக் கொன்றது என்று கூறுதல் பொருந்தாது. உணவுக் குறையும் உறைபனிப் புண்ணும் பருவத்தின் கொடுமையும் உடன் சேர்ந்தன. ஆனால் சுற்றிலும் பனியே பரந்து கிடக்க, அதனை உருக்க வழியின்றி நாவறண்டு வாடுதல் எத்தகைய துன்பம் என்பதனை மாணவர் ஒருகணம் எண்ணிப்பார்க்கலாம்.

எவரெஸ்ற் மலையிலும் இதுவே நிகழ்ந்தது. 1952 மே மாதத்தில் சுவிற்சலாந்துக் குழுவைச் சேர்ந்த லம்பேட்டும் அவருடன் ஏறிய தென்சிங்கும் உச்சிக்கு அண்மையில், 8,400 மீற்றர் அளவினதான உயரத்தில், ஓர் இரவைக் கழித்தனர். அவர்களிடம் அடுப்பும் இல்லை, துயிற்பையும் இல்லை. மெழுகுதிரிச் சுடரிலே தகரக் குவளையொன்றை வைத்துச் சிறிது பனியை உருக்கி நாவை நனைத்துக்கொண்டனர். மறுநாள் ஏறக்குறைய 8,600 மீற்றர் வரை ஏறி, மேலேற மாட்டாது மீண்டனர். அடுத்த ஆண்டு ஆங்கிலேயக் குழுவுடன் சென்ற உடற்றொழிலியல் அறிஞர் கிறிபித் பியூ, ஏறுவோர் நிரம்ப நீர் பருகுதல் வேண்டும், அதற்கேற்ற அடுப்பும் எரிபொருளும் உச்சிமுகாம் வரை செல்லுதல் வேண்டும் என வற்புறுத்தினார். 1953 மே 28 ஆம் நாள் இரவு ஹிலாரியும் தென்சிங்கும் தங்கிய கடைசிக் கூடாரத்தில் பிறைமஸ் அடுப்பு எரிந்தது. சூடான பானம் வேண்டியமட்டும் இருந்தது. விடியற்காலையில் ஹிலாரியின் சப்பாத்து உறைந்து கல்லாய்க் கிடந்தபோது அவ்வடுப்பின் மேலேயே அதனை வாட்டி இளக்கினர். அன்று முற்பகல் அவர்கள் உச்சியில் நின்றனர்.

இவையெல்லாம் பனிநாட்டுக் கதைகள், நமது மலைநாட்டிலே உறைபனி காண்பது அரிதன்றோ என்று சிலர் வினவலாம். உண்மையே. நாம் அவற்றிலிருந்து எடுத்துக்கொள்ளத்தக்கது ஒன்றுண்டு. எரிபொருளை நிறுக்கும்போது அதன் கலத்தையும் சேர்த்து நிறுத்தல் வேண்டும். கலம் கைவிடுமாயின் உள்ளிருந்த பொருளும் இல்லையாயிற்று. அமுன்சென் துருவத்துக்குக் கொண்டுசென்ற அறிவில் இது ஒரு பகுதி.

இனிக் கணக்குக்கு வருவோம். தமிழாசிரியன் பௌதிகத்துட் புகுவதனை விஞ்ஞான ஆசிரியர்கள் பொறுப்பாராக. ஒரு லீற்றர் நீரை 25 பாகை வெப்பநிலையிலிருந்து கொதிக்கவைக்க 315 கிலோயூல் வெப்பம் வேண்டும். ஒரு கிராம் மண்ணெண்ணெய் எரிந்தால் ஏறத்தாழ 43 கிலோயூலும், அடுப்பு வாயு ஏறத்தாழ 45 கிலோயூலும், ஸ்பிரிற்று என நாம் கடையில் வாங்கும் எரிசாராயம் ஏறத்தாழ 27 கிலோயூலும் தரும். உலர்ந்த விறகு 16 அளவில் நிற்கும். திறந்த வெளியில் வைத்த அடுப்பிலே வெப்பத்திற் பாதி வீணாகும் என்று கொள்வோமாயின், ஒரு லீற்றர் நீருக்கு மண்ணெண்ணெயும் வாயுவும் 15 கிராம் அளவிலும் எரிசாராயம் 25 கிராம் அளவிலும் செலவாகும். காற்றுக்கு மறைப்புக் கட்டாவிட்டாலும் பானையை மூடாவிட்டாலும் செலவு இதனினும் மிகும்.

தனி ஒருவன் நாளொன்றுக்கு இரண்டு லீற்றர் நீர் காய்ச்சி நான்கு நாள் நடக்கின்றான் எனக் கொள்க. எரிசாராயம் 200 கிராம் வேண்டும். அது மெல்லிய போத்தலிலே செல்லும். அடுப்போ குளிர்பானத் தகரத்தை வெட்டிச் செய்யத்தக்கது, 20 கிராமுக்கு மேற் போகாது. ஆக 250 கிராமுக்குள் எல்லாம் அடங்கும். வாயு 120 கிராம் போதும். ஆனால் 100 கிராம் வாயு அடங்கிய சிறு குடுவையின் வெற்றெடையும் ஏறத்தாழ 100 கிராம். இரண்டு குடுவைக்கு 400 கிராம், அடுப்புக்கு 80 கிராம் எனக் கொண்டால் அரைக் கிலோ ஆகின்றது. மண்ணெண்ணெயும் 120 கிராமே. ஆயின் காற்றடிக்கும் அடுப்பே 400 கிராமுக்குக் குறையாது, இரும்பு மூடியிட்ட போத்தல் வேறு. எனவே தனிவழிச் செல்வானுக்கு, வலிமையிற் குறைந்த எரிசாராயமே சுமையிலும் குறைந்தது. வலியதே நல்லது என்னும் எண்ணம் இங்கே பொய்த்துவிடுகின்றது.

இனிப் பதினால்வர்க்குக் கணக்கிடுவோம். நான்கு நாளில் 112 லீற்றர் நீர் காயவேண்டும். எரிசாராயம் 2.8 கிலோ. வாயு 1.7 கிலோவாயினும், பெருங்குடுவைகளாக வாங்கினாலும் வெற்றுக் குடுவைகளின் எடையும் அதனோடு சேரும். எரித்து முடிந்தபின்னும் அவ்விரும்பைச் சுமந்தே திரும்பவேண்டும். மண்ணெண்ணெய் 1.7 கிலோ, அஃதாவது ஏறக்குறைய இரண்டு லீற்றர்; இரண்டு உலோகப் போத்தலில் அடங்கும். நாள் செல்லச் செல்லச் சுமை குறையும். அடுப்பு இரண்டானாலும் அவற்றின் எடை பதினால்வர்க்குப் பங்காகின்றது. ஆதலாற் பெருங்குழுவுக்கு மண்ணெண்ணெயே தக்கது என்பது என் முடிபு. இக்கணக்கை மாணவர் தாமே போட்டுப் பார்த்துத் தவறு காண்பாராயின் எனக்கு மகிழ்ச்சியே.

வாயு அடுப்பின் நலங்களை யான் மறைக்கவில்லை. திருகினால் எரியும், திருகினால் அணையும். பாத்திரத்திற் கரி படியாது. சுடரைத் தணித்துப் பருப்பை மெல்ல வேகவைக்கலாம். இருவர் மூவராய்ச் செல்வோர்க்கு அது நல்லதோர் துணை. நம் குழுவுக்கு அது பொருந்தாமைக்குச் சுமையல்லாத காரணமொன்றும் உண்டு. கொடையாளர் அடுப்பை அனுப்பலாம். வாயுக் குடுவையை விமானப் பயணி எவரும் தம் பொதியிற் கொணர விதி இடந்தராது. அக்குடுவை மலைநாட்டுச் சிறுகடைகளிலே அரிசி பருப்புடன் அடுக்கிவைத்து விற்கப்படுவதும் அன்று. வழியில் வாங்கமுடியாத எரிபொருள் தீர்ந்த பின்னர் அடுப்பு வெறும் பாரமே. மண்ணெண்ணெய்க்கும் ஒருகாலம் இக்கதி நேர்ந்ததை நாம் மறக்கவில்லை. 2022 இல் அதற்காக வரிசையில் நின்றவர்களின் பிள்ளைகளே இன்று நம் வகுப்பறைகளில் இருக்கின்றனர். அவ்வாண்டு ஓகத்து மாதத்தில் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்கு ஏறியது. ஆகையால் எண்ணெய் அடுப்போடு எரிசாராய அடுப்பு ஒன்றிரண்டையும் செய்யப் பயிலுதல் நன்று. செலவில்லாத பயிற்சி அது. வேண்டுவது கத்தரிக்கோலும் பொறுமையுமே.

பாதுகாப்பைப் பற்றிச் சில சொல்லவேண்டும். எரிசாராயச் சுடர் பகலொளியிற் கண்ணுக்குப் புலப்படாது. அணைந்துவிட்டதென எண்ணி மேலும் ஊற்றினவர்கள் கைசுட்டுக்கொண்ட செய்திகள் பல நாட்டிலும் உள. அடுப்பு ஆறிய பின்னரன்றி ஊற்றுதல் கூடாது. எவ்வடுப்பையும் மூடிய கூடாரத்துள் எரித்தல் ஆகாது. நிறமும் மணமும் அற்ற காபனோரொட்சைட்டு என்னும் வாயு உறங்குவோரை எழாவண்ணம் செய்துவிடும். 2021 ஆம் ஆண்டின் இறுதியிலே நமது நாட்டில் வீட்டுச் சமையல்வாயு உருளைகளை ஒட்டிப் பல தீவிபத்துக்கள் நிகழ்ந்ததும், புரொப்பேன், பியூற்றேன் என்னும் இரண்டின் கலவை விகிதம் மாறியமை குறித்து நாடெங்கும் பேசப்பட்டதும் மாணவர்க்கு நினைவிருக்கும். பியூற்றேன் சுழியப் பாகையை அண்மித்த குளிரில் ஆவியாகாது. புரொப்பேன் அதனினும் மிகக் கடுங்குளிரிலும் ஆவியாகும், ஆனால் அதற்கேற்ப அழுத்தமும் மிகும். மலையேறுவோரின் குடுவையில் இரண்டையும் அளவறிந்து கலப்பது இதனாலேதான். மண்ணெண்ணெயிடத்து வேறொரு குற்றம்: கசிந்தால் அரிசி முழுவதும் அதன் மணமே. எண்ணெய்ப் போத்தல் பையின் புறத்தே, உணவுக்குக் கீழே இருத்தல் வேண்டும்.

விறகு பொறுக்கி எரிக்கலாமே, அதற்குச் சுமையே இல்லையே என்பர் பெரியோர் சிலர். அவர்கள் காலத்தில் அது இயன்றது. ஓட்டன் சமவெளி போன்ற காப்புவனங்களிலே தீ மூட்டுதல் தகாது. தேயிலைத் தோட்டங்களின் ஓரத்திலே கிடக்கும் விறகோ ஆளற்ற பொருளன்று. நாள் முழுவதும் கொழுந்து பறித்த பெண்கள் மாலையில் தலைமேற் கட்டிச்செல்லும் விறகு அது. பல குடும்பங்களின் இராச்சோறு அதிலே வேகின்றது. பொழுதுபோக்காய் நடக்க வந்த நாம் அதிற் கைவைத்தல் முறையாகாது.

இனி உண்பது யாது என்னும் வினாவுக்கு வருகின்றேன். இதுவே மூன்றினும் இன்சுவை உடையது. எரிபொருளைக் குறைக்க விரும்புவோன் அடுப்பை மாற்றுவதிலும் உணவை மாற்றுதல் எளிது. வழிநடைக்கு ஏற்ற உணவைத் தேடி மேனாட்டார் எத்தனையோ பொடிகளையும் பொதிகளையும் விலைகொடுத்து வாங்குகின்றனர். நம் யாழ்ப்பாணத்துப் பாட்டிமார் அவற்றை எக்காலமோ செய்து பானையில் இட்டு வைத்தனர். பனம்பழச் சாற்றை வெயிலிற் காயவைத்த பினாட்டு, அவித்துக் காயவைத்த புழுக்கொடியல், பயற்றம் பணியாரத்தினும் உறுதியான பொரிவிளாங்காய், பனங்கட்டி, எள்ளுப்பாகு. இவை அடுப்பு வேண்டாதவை. பலநாட் கெடாதவை. நீர் நீக்கப்பட்டமையால் எடை குறைந்தவை. அவலை நீரில் நனைத்துப் பனங்கட்டி சேர்த்தால் காலையுணவு ஆயிற்று. நண்பகலுக்குப் புழுக்கொடியலும் தேங்காய்ச் சொட்டும் இருந்தாற் போதும். மாலையொரு வேளை மட்டும் அடுப்பு மூட்டினால் மேலே சொன்ன 112 லீற்றர் ஏறக்குறையப் பாதியாய்விடும். அப்பொழுது இரண்டு லீற்றர் எண்ணெய் ஒன்றாகும். எவ்வடுப்பை வாங்கினும் இத்தகைய குறைவு கிட்டாது. (ஒடியலை மட்டும் அவிக்காமல் தின்னலாகாது என்பதனை விடுதி மாணவர்க்கு நினைவூட்டுகின்றேன்.)

மாலைச் சமையலிலும் அறிவுக்கு இடமுண்டு. மலையேற ஏற நீர் குறைந்த வெப்பத்திலேயே கொதிக்கும். 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவிலே அது 94 பாகை அளவிற் கொதித்துவிடும். கொதிக்கின்றதே என்று பார்த்திருந்தால் கடலை வேகாது, எண்ணெய்தான் வேகும். ஆகவே கடலையை வீட்டில் விட்டு மைசூர்ப் பருப்பைக் கொண்டுசெல்க. அதனையும் நண்பகலில் நனைத்து மூடிய கலத்திற் கொண்டு நடந்தால் மாலையில் விரைவில் வேகும். சோறு கொதித்த பின்னர் பானையைத் துணியாற் பொதிந்து வைத்தால் எஞ்சிய வேக்காடு அடுப்பின்றியே முடியும்.

அடுப்பே இல்லாமல் நெடுந்தூரம் நடந்தோரும் உளர். ஐக்கிய அமெரிக்காவின் அப்பலாச்சியன் வழி இரண்டாயிரம் மைலுக்கு மேற்பட்டது. 1955 இல் எம்மா கேற்வுட் என்னும் மூதாட்டி, பதினொரு பிள்ளைகளைப் பெற்றவர், தம் 67 ஆம் அகவையில் அதனைத் தனியே ஒரே பருவத்தில் நடந்து முடித்தார். கூடாரமும் துயிற்பையும் அவரிடம் இல்லை. தாமே தைத்த துணிப்பை ஒன்று, போர்வை ஒன்று, மழைக்குக் குளியலறைத் திரைச்சீலை ஒன்று, காலிற் சாதாரண றப்பர்ச் சப்பாத்து. சுமை 20 இறாத்தலுக்குள் அடங்கியது. பெரும்பாலும் கொட்டை, உலர்ந்த முந்திரிகை, தகரத்தில் அடைத்த உணவு இவையே உண்டார். வழியில் இருந்த வீட்டார் உபசரித்தபோது மறுக்கவில்லை. பின்னர் 1957 இலும் அவ்வழியை மீண்டும் நடந்தார். 1990 களில் அந்நாட்டு றே ஜார்டின் முதலியோர், உணவும் நீரும் எரிபொருளும் நீங்கலான சுமை 10 இறாத்தலுக்குள் நிற்கவேண்டும் என்று நூல் எழுதிப் பரப்பியபோது அது புதுமையெனப் போற்றப்பட்டது. மூதாட்டி அதனை நூலெழுதாமலே செய்து காட்டியிருந்தார்.

நமது பழந்தமிழரும் இதனை அறியாதவரல்லர். மலைபடுகடாம் என்னும் ஆற்றுப்படையை வகுப்பிற் கற்பிக்கும்போதெல்லாம், அது நெடுவழி நடப்போர்க்கு எழுதிய வழிகாட்டி என்றே மாணவர்க்குக் கூறி வருகின்றேன். கூத்தர் தம் இசைக்கருவிகளைப் பையிலிட்டு, எடை இருபாலும் ஒத்து நிற்குமாறு கட்டி, பலாமரத்திற் காய்க்கொத்துத் தொங்குவது போலச் சுமந்து செல்லுங் காட்சியோடு அப்பாட்டுத் தொடங்குகின்றது. மேலே, எந்நிலத்தில் எவர் குடியிருப்பு, அங்கே என்ன உணவு கிடைக்கும், எவ்விடத்தில் இடறும் கல்லும் பாம்பும் உண்டு என்பன முறையாகச் சொல்லப்படுகின்றன. உணவு வழியிற் கிடைக்கும் என்று அறிந்தவன் உணவைச் சுமப்பதில்லை, அடுப்பையும் சுமப்பதில்லை. வழியை அறிதல் சுமையைக் குறைத்தலாம் என்பதனை அப்புலவர் அறிந்திருந்தார்.

நம் நாட்டின் வழிகளையும் இவ்வாறே நோக்கவேண்டும். சிவனொளிபாதமலைக்குப் பருவகாலத்தில் ஏறுவோன் அடுப்புக் கொண்டுசெல்வானாயின் அவனைப் பார்த்துத் தேநீர்க்கடைக்காரர் நகைப்பர். கண்டிப் பக்கத்திலிருந்து நுவரெலியாவரை 22 பகுதியாக வகுத்து அண்மையில் அமைக்கப்பட்ட பீக்கோ வழி 300 கிலோமீற்றருக்கு மேற்பட்டது; ஆயினும் அது தோட்டங்களையும் ஊர்களையும் தொட்டே செல்கின்றது. செல்வச்சந்நிதியிலிருந்து கதிர்காமத்துக்குக் கால்நடையாகச் செல்லும் அடியார்க்கு வழிநெடுக ஊரவர் அன்னமிடுவர். உகந்தைக்கு அப்பால், குமுனையும் யாலவும் ஆகிய காட்டினுட் புகுந்த பின்னரே தம் உணவைத் தாமே சுமக்கின்றனர். அங்கும் அவர்களின் பெருஞ்சுமை அரிசியன்று, நீர். ஒரு லீற்றர் நீர் ஒரு கிலோ. கும்புக்கன் ஆற்றுக்கும் மாணிக்க கங்கைக்கும் இடையே எங்கே நீருண்டு என்பதனை அறிந்த முதியவர் ஒருவர் குழுவில் இருந்தால், அவர் ஒவ்வொருவர் தோளிலிருந்தும் இரண்டு கிலோவை இறக்கிவிடுகின்றார். நாம் அடுப்பிலே ஐம்பது கிராம் குறைப்பதற்கு விலைப்பட்டியல்களை ஆராய்ந்துகொண்டிருக்கின்றோம்.

இறுதி வினாவே என் உள்ளத்தை அதிகம் உறுத்துவது. சென்ற ஆண்டு இருநாட் பயணத்துக்குப் புறப்படுமுன், கூட்டுறவுக் கடையில் இரவல் வாங்கிய தராசிலே மாணவரின் பைகளை நிறுத்தோம். குழுவில் மிகச் சிறியவன் உடலெடை 38 கிலோ. அவன் பை 11.5 கிலோ. தன் பொருள் அதில் ஐந்து கிலோவும் இல்லை. எஞ்சியது சோற்றுப்பானை, திரியடுப்பு, தேங்காய் இரண்டு. குழுவில் மிகப் பெரியவன் 64 கிலோ. அவன் பை எட்டுக் கிலோ, அதில் ஒன்று பாட்டுப்பெட்டி. எவரும் சூது செய்தாரில்லை. பொதுப்பொருளை எடுத்துவைத்த நேரத்தில் வாய்திறவாது நின்றவன் பையில் அவை சென்று சேர்ந்தன, அவ்வளவே. வகுப்பறையிலும் இதுவே நிகழ்கின்றது. அங்கே தராசு இல்லாமையால் நாம் காண்பதில்லை.

உடலெடையில் ஐந்திலொரு பங்குக்கு மேற் சுமத்தலாகாது என்று நடையிற் பழகியோர் கூறுவர். அவ்விதிப்படி சிறியவனுக்கு ஏழரைக் கிலோ, பெரியவனுக்குப் பன்னிரண்டரைக் கிலோவுக்கு மேலும் இடமுண்டு. நேபாளத்துச் சுமைகாரர் தம் உடலெடைக்கு நிகராகவும் சுமக்கின்றாரே என ஒரு பழைய மாணவர் என்னிடம் வாதித்தார். அவர்கள் இளமைதொட்டு அதிலே பயின்றவர்கள், மெல்ல நடந்து அடிக்கடி இளைப்பாறுவோர், அதனைப் பிழைப்புக்காகச் செய்வோர். பதினான்கு வயதுச் சிறுவனின் முதுகை அவர்களோடு ஒப்பிடுதல் தகாது.

அன்று பைகளைப் பிரித்து மீண்டும் கட்டினோம். தேங்காய் ஆறும் திருவலையும் சேர்ந்து நான்கு கிலோவுக்கு மேல் நின்றன. “தேங்காய்ப்பால் விடாத சொதியும் ஒரு சொதியா, சேர்?” என்றான் உயர்தர வகுப்பு மாணவனொருவன். வினாவில் நியாயம் இருந்தது. முந்நூறு கிராம் தேங்காய்ப்பால் மாவு வாங்கி அவ்வழக்கைத் தீர்த்தோம். சொதி நன்றாகவே இருந்தது என்பதனை நடுநிலையோடு கூறுகின்றேன்.

ஆகவே, கொடையளிக்க முன்வந்த அன்பர்களை யான் வேண்டுவது இது. வாயு அடுப்புக்களை இம்முறை நிறுத்திவைக்க. அவற்றுக்காகும் பணத்தில் ஐம்பது கிலோ வரை நிறுக்கத்தக்க தொங்குதராசு ஒன்றும், காற்றடிக்கும் மண்ணெண்ணெய் அடுப்பு இரண்டும், திருகுமூடி இறுகப் பொருந்தும் உலோகப் போத்தல் இரண்டும், மூடியுள்ள மெல்லிய அலுமினியப் பானை மூன்றும் வாங்கித் தருக. மிகுதிப் பணம் இருப்பின், மழையங்கி வாங்க வசதியற்ற மாணவர் மூவர் குழுவில் உளர். அவர் பெயரை இங்கு எழுதேன், நடைக்குழுப் பொறுப்பாசிரியரிடம் கேட்டறிக. எரிசாராய அடுப்புக்கு வெற்றுத் தகரங்களை விடுதி மாணவர் இப்பொழுதே சேர்க்கத் தொடங்கிவிட்டனர். எல்லாவற்றுக்கும் முன்னே தராசு வந்துசேருமாயின் நலம். நிறுக்கவேண்டிய பைகள் பதினான்கு உள, விடுமுறைக்கோ நாள் அதிகமில்லை.